மோனோபொலி கார்டுல வர்ற கம்யூனிட்டி செஸ்ட்டும் எங்க ஆபீஸ் பிளெட்ஜ் ஃபார்மும்: இந்த வசூலோட கதை தெரிஞ்சவங்க சொல்லுங்க

ராத்திரிஷிப்ட்:

மக்களே ஒரு டவுட்டு. நான் ஒஹாயோவுல கிளீவ்லேண்ட் பக்கம் வேலை பாக்கறேன், வந்து ரெண்டு வருஷம் ஆகுது. இலை உதிர ஆரம்பிச்சா போதும், ஹெச்ஆர்ல இருந்து யுனைட்டட் வே பிளெட்ஜ் ஃபார்ம்னு ஒரு மெயில் வந்துடுது, ஒவ்வொரு சம்பளத்துலயும் எவ்ளோ புடிச்சுக்கலாம்னு நீங்களே எழுதிக் குடுங்கன்னு. குடுக்கறதுல எனக்கு பிரச்சனை இல்ல. ஆனா இது கோயில் உண்டியல் மாதிரியும் இல்ல, நேரா ஒரு ஆசிரமத்துக்கு குடுக்கற மாதிரியும் இல்ல, நடுவுல ஒருத்தர் வாங்கி நூறு பேருக்கு பிரிச்சுக் குடுக்கறாங்களாம். யார் இவங்க, எப்ப ஆரம்பிச்சது, ஆபீஸுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு ஒண்ணும் புரியல. டீம்ல ஒரு பெரியவர் கிட்ட கேட்டேன், "எங்க அப்பா காலத்துல இதுக்கு பேரு கம்யூனிட்டி செஸ்ட்"ன்னாரு. அட, பையன் கூட மோனோபொலி ஆடறப்ப வர்ற கார்டு! நான் இத்தனை நாளா அந்த செஸ்ட்டுன்னா நெஞ்சுன்னு நெனச்சிட்டு இருந்தேன், சிரிக்காதீங்க.

அந்த விளையாட்டுல கார்டு எடுத்தா பெரும்பாலும் நமக்கு காசு வரும், இங்க நம்ம காசு போகுது, அது வேற விஷயம். யாராவது கொஞ்சம் விளக்கமா சொல்லுங்களேன்.

பழையபேப்பர்:

நெஞ்சு இல்ல தம்பி, பெட்டி. ஊர்ப் பொதுப்பெட்டி. நீங்க சரியான ஊர்ல உக்காந்துதான் கேக்கறீங்க, இந்தக் கதையில பாதி உங்க கிளீவ்லேண்ட்லதான் நடந்திருக்கு. கொஞ்சம் நீளமா போகும், டீ போட்டுட்டு வந்து படிங்க.

ஆரம்பம் 1887, கொலராடோ மாநிலத்து டென்வர். தங்கம் வெள்ளின்னு சுரங்கத்தை நம்பி ஜனம் குவிஞ்ச ஊரு, வந்தவங்க எல்லாருக்கும் தங்கம் கிடைக்கல. அது போதாதுன்னு காசநோய்க்காரங்க வேற, அங்க காத்து வறண்ட காத்து, நுரையீரலுக்கு நல்லதுன்னு யாரோ சொல்லக் கேட்டு ரயிலேறி வந்து இறங்கி தங்க இடமில்லாம தெருவுல கெடந்தாங்க. ஒவ்வொரு சர்ச்சும் ஒவ்வொரு சங்கமும் தனித்தனியா வசூல் பண்ணிட்டு இருந்தாங்க. அப்ப ஃபிரான்சஸ் ஜேக்கப்ஸ்னு ஒரு யூதப் பெண்மணி, மைரன் ரீட்னு ஒரு பாதிரியார், மார்டின் ஹார்ட்னு இன்னொரு சர்ச்சோட டீன், இப்படி சிலர் சேர்ந்து மதம் பாக்காம ஒரே வசூல், அப்புறம் பங்கு பிரிக்கலாம்னு முடிவு பண்ணாங்க. முதல் வருஷ வசூல் 21,700 டாலர். அந்த அம்மாவுக்கு அந்த ஊர்ல தர்மங்களின் தாய்னு பேரு, 1892ல இறந்துட்டாங்க, கொலராடோ சட்டசபைக் கட்டடத்து குவிமாடத்துல 16 பேருக்கு கண்ணாடி ஓவியம் இருக்கு, அதுல அவங்க ஒருத்தர்தான் பொம்பளை. காசநோய் ஆஸ்பத்திரிக்காக அலைஞ்சாங்க, கட்டடமும் எழும்புச்சு, 1893ல வெள்ளி விலை விழுந்து ஊரே திவாலானதுல பூட்டியே கெடந்து 1899லதான் தெறந்தாங்க. அவங்க பாக்கல.

இப்ப உங்க ஊரு. டென்வர்ல நோக்கம் ஏழைங்களுக்கு ஒழுங்கா போய்ச் சேரணும்ங்கறது. கிளீவ்லேண்ட்ல வேற மாதிரி. அங்க இத கையில எடுத்தது வியாபாரிங்க சங்கம், அதான் சேம்பர் ஆஃப் காமர்ஸ். தினமும் யாராவது ஒருத்தர் ரசீது புத்தகத்தோட வந்து ஆபீஸ் வாசல்ல நிக்கறாங்க, எது நிஜம் எது டுபாக்கூருன்னு தெரியல. அதனால 1900லயே ஒரு கமிட்டி போட்டு, நல்ல சங்கம்னா சான்றிதழ் குடுக்க ஆரம்பிச்சாங்க. அதே சமயம் 1903ல அந்த ஊர் யூதர்கள் தங்களுக்குள்ள ஒரு ஃபெடரேஷன் ஆரம்பிச்சு ஒரே வசூலா பண்ணிக் காட்டினாங்க (பாஸ்டன் யூதர்கள் 1895லயே இத பண்ணிட்டாங்க). அந்த மாதிரி ஊர் முழுக்க பண்ணா என்னன்னு 1913ல கிளீவ்லேண்ட் ஃபெடரேஷன் ஃபார் சாரிட்டி அண்ட் ஃபிலாந்த்ரபி வந்துச்சு. இப்ப நீங்க பாக்கற மாடல் அதுதான். டீல் என்னன்னா, வருஷத்துக்கு ஒரு தடவ பெருசா குடுத்துடு, அதுக்கப்புறம் மெம்பரா இருக்கற எந்தச் சங்கமும் உன் வாசல்ல வந்து நிக்காது. கொடையாளிக்கு விடுதலைப் பத்திரம் மாதிரி!

எனக்கு எப்பவும் தோணும், இந்த அமைப்பு பாதி இரக்கத்துல பொறந்தது, பாதி எரிச்சல்ல பொறந்தது.

பெட்டிங்கற பேரு போர்ல இருந்து வந்துச்சு. முதல் உலகப்போர் சமயம் ஊர் ஊரா வார் செஸ்ட்னு யுத்தப் பெட்டி வெச்சு வசூல் பண்ணாங்க. 1918 நவம்பர் 11ம் தேதி ஏழு பெரிய அமைப்புங்க சேர்ந்து ஒரு தேசிய வசூல ஆரம்பிக்கறாங்க, ஒய்எம்சிஏ, கத்தோலிக்கர்கள், யூதர்கள், சால்வேஷன் ஆர்மி, நூலக சங்கம் எல்லாம் அதுல சேத்தி, டார்கெட் 17 கோடியே 5 லட்சம் டாலர். ஆரம்பிச்ச அன்னிக்கே போர் முடிஞ்சிடுச்சு! ஆனாலும் 20 கோடிக்கு மேல வந்துச்சு. போர் போச்சு, பெட்டி மட்டும் அப்படியே நின்னுச்சு, பழகிட்டாங்க இல்ல. 1919ல நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர்லதான் அத கம்யூனிட்டி செஸ்ட்டுன்னு கூப்ட ஆரம்பிச்சாங்க, கேமரா கம்பெனி கோடாக்க ஆரம்பிச்ச ஈஸ்ட்மேனோட ஊரு. அந்த வருஷம் இந்த மாதிரி பெட்டி 39 இருந்துச்சு, 1929ல 353. மோனோபொலிய பார்க்கர் பிரதர்ஸ் 1935ல கடைக்கு கொண்டு வர்றப்ப அமெரிக்காவுல இந்த வார்த்தை தெரியாத ஆளே இல்ல, அதான் கார்டுல ஏறிடுச்சு.

நாலாம்நம்பர்சீட்:

பழையபேப்பர் அண்ணே சூப்பர், ஆனா நீங்க பணக்காரங்க குடுத்த கதையோட நிறுத்திட்டீங்க. தம்பி கேட்டது சம்பளத்துல ஏன் புடிக்கறாங்கன்னு. அங்கதான் விஷயமே இருக்கு.

ஆரம்பத்துல இது முதலாளிங்க மத்தியில நடந்த வசூல். தொழிலாளி கிட்ட பெருசா வாங்க வழியில்ல, அவன் கையில மொத்தமா காசு இருக்காது. 1943ல என்ன ஆச்சுன்னா போர்ச் செலவுக்காக வருமான வரிய சம்பளத்துலயே புடிக்கற சட்டம் வந்துச்சு. ஒரு தடவ கம்பெனிக்காரன் சம்பளத்துல கை வெச்சு பழகிட்டான்னா அப்புறம் எதுக்கு வேணா வைக்கலாம், வரிக்கு புடிக்கற அதே மெஷின்ல தர்மத்துக்கும் புடிக்கலாம். யூனியன்காரங்களும் ஒத்துக்கிட்டாங்க, அதுக்கு பதிலா கமிட்டியில எங்க ஆளும் உக்காரணும்னு கேட்டாங்க, நியாயம்தான.

அப்புறம் 1949, டெட்ராய்ட். கார் ஃபேக்டரிக்குள்ள மாசத்துக்கு ஒரு வசூல், அதுக்கு கேன்சர், இதுக்கு இதயம், இன்னொண்ணுக்கு அனாதை இல்லம்னு, ஒவ்வொரு தடவையும் லைன்ல வேலை நிக்குது. இரண்டாம் ஹென்றி ஃபோர்டு மாதிரி ஆளுங்க முன்ன நின்னு யுனைட்டட் ஃபவுண்டேஷன்னு ஒண்ணு வெச்சு டார்ச் டிரைவ்னு ஒரே வசூலாக்கினாங்க, யூனியனும் மேனேஜ்மென்ட்டும் ஒரே மேடையில. இது மத்த ஊர்களுக்கும் பரவி யுனைட்டட் ஃபண்டுன்னு பேராச்சு. 1963ல லாஸ் ஏஞ்சலஸ்ல யுனைட்டட் வேன்னு பேர் வெச்சாங்க, 1970ல தேசிய அமைப்பே அந்தப் பேருக்கு மாறிடுச்சு. அந்த கை, கைக்கு மேல மனுஷன், வானவில் இருக்கற லோகோ சால் பாஸ்னு ஒரு டிசைனர் 1972ல போட்டது.

கஷ்டம் என்னன்னா உங்க மேலதிகாரி முன்னாடி ஃபார்ம் நீட்டறப்ப அது தானமா இல்ல தண்டமா? நான் முன்னாடி வேலை பாத்த ஒரு எடத்துல சூப்பர்வைசர் ஒவ்வொரு டேபிளா வந்து யார் யார் குடுக்கலன்னு லிஸ்ட்டு வெச்சுட்டு, நம்ம டிபார்ட்மென்ட் நூறு சதவீதம் காட்டணும்னு, குடுக்காதவன மட்டும் சிரிச்ச முகத்தோட தனியா கூப்ட்டு பேசுவாரு. நான் வாரத்துக்கு ஒரு டாலர் போட்டேன், அவர் மூஞ்சிக்காக. அத தர்மம்னு சொல்ல எனக்கு இன்னும் வாய் வரல.

அப்புறம் 1992 மறந்துடாதீங்க. தேசிய அமைப்போட தலைவர் வில்லியம் அரமோனி, 1970ல இருந்து அவர்தான், இதை இவ்ளோ பெருசாக்கினதே அவர்தான்னு சொல்லுவாங்க. சம்பளம் சலுகை எல்லாம் சேத்து வருஷத்துக்கு 4,63,000 டாலர், அமைப்பு பணத்த சொந்த செலவுக்கு எடுத்தாருன்னு பத்திரிகையில வந்து ராஜினாமா பண்ணி, 1995ல கோர்ட்டுல குற்றம் உறுதியாகி ஏழு வருஷம் தண்டனை. வாரம் ஒரு டாலர் குடுத்தவனுக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க.

ராத்திரிஷிப்ட்:

அடேங்கப்பா. ரெண்டு பேருக்கும் நன்றி, நான் நாலு வரி வரும்னுதான் நெனச்சேன். நாலாம்நம்பர் சொன்ன லிஸ்ட்டு விஷயம் இங்கயும் லேசா இருக்கு, எங்க ஃப்ளோர்ல ஒரு தெர்மாமீட்டர் படம் மாட்டி செவப்பு கலர் ஏத்திட்டே வர்றாங்க.

ரெண்டு கேள்வி. ஒண்ணு, பிரிச்சுக் குடுக்கறது யாரு, அவங்களுக்கு அந்த அதிகாரத்த யார் குடுத்தது? ரெண்டு, அந்த அரமோனி விஷயம் நடந்தப்ப எங்க ஊர்ப் பணமும் போச்சா?

குருவிக்கூடு:

தம்பி, ரெண்டாவது முதல்ல. உங்க ஊர் யுனைட்டட் வே தனி அமைப்பு, அதுக்குன்னு தனி போர்டு, தனி கணக்கு. தேசிய அமைப்புக்கு உறுப்பினர் சந்தா மாதிரி ஒரு சின்னப் பங்குதான் போகும். 1992ல நெறைய ஊர்க்காரங்க கோவத்துல அந்த சந்தாவயே நிறுத்தி வெச்சாங்க. பேரு ஒண்ணா இருந்ததால அடி எல்லாருக்கும் விழுந்துச்சு, அது உண்மை. அதுக்கப்புறம் எலெய்ன் சாவோ வந்து நாலு வருஷம் தலைவரா இருந்தாங்க, பின்னாடி அமைச்சரானாங்களே அவங்கதான்.

பிரிக்கறது யாருன்னா, என்ன மாதிரி ஆளுங்க. நான் எங்க ஊர்ல மூணு வருஷம் அலொகேஷன் பேனல்ல வாலண்டியரா இருந்தேன், சம்பளம் கெடையாது, காப்பியும் காஞ்சு போன பேகலும் உண்டு. பேங்க் மேனேஜர், ஸ்கூல் டீச்சர், யூனியன்காரர், நான், இப்படி எட்டு பேர். ஒவ்வொரு சங்கமும் பட்ஜெட் குடுக்கும், ஆடிட் ரிப்போர்ட் குடுக்கும், நாங்க நேர்ல போய் பாப்போம், திரும்பி வந்து உக்காந்து சண்டை போடுவோம். நெஜமா சண்டைதான். பெருசா பழசா இருக்கற சங்கத்துக்கு போன வருஷம் குடுத்தது இந்த வருஷமும் குறையாம போயிடும், ஏன்னா கொறச்சா ஆள குறைக்கணும்ப்பாங்க. புதுசா வர்றவங்களுக்கு மிச்சத்துலதான். தனியா இருக்கற வயசானவங்க வீட்டுக்கு சாப்பாடு கொண்டு போய் குடுக்கற ஒரு சின்ன அமைப்பு, ரெண்டு ரூம், ஒரு வேன், எங்க எட்டு பேருக்கும் புடிச்சுது, ஆனா மூணு வருஷமும் அவங்களுக்கு கேட்டதுல கால்வாசிதான் குடுக்க முடிஞ்சுது. எனக்கு அது இன்னும் உறுத்தும்.

இந்த பழசுக்கே முன்னுரிமைங்கற விஷயத்துலதான் பெரிய பிரச்சனையே வெடிச்சுது. கறுப்பின மக்கள் கேட்டாங்க, எங்க சம்பளத்துலயும் புடிக்கறீங்க, எங்க தெருவுக்கு என்ன வருதுன்னு. 1965ல லாஸ் ஏஞ்சலஸ் வாட்ஸ் பகுதியில நடந்த கலவரத்துக்கு அப்புறம் 1968ல அதே ஊர்ல பிரதர்ஹுட் க்ரூசேட்னு அவங்களே தனியா வசூல் அமைப்பு ஆரம்பிச்சாங்க, பெட்டிக்கு வெளிய ஒரு பெட்டி. அப்புறம் மத்திய அரசு ஊழியர்களுக்கு தனியா ஒரு சம்பளப் பிடித்தம் இருக்கு, கம்பைன்ட் ஃபெடரல் கேம்பெய்ன், 1960கள்ல ஆரம்பிச்சது. அதுல யார் பேர் லிஸ்ட்டுல வரலாம்னே கேஸு. கறுப்பின மக்கள் உரிமைக்கான என்ஏஏசிபி பேர்ல இருக்கற சட்ட உதவி நிதிய வெளிய வெக்கலாமான்னு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, 1985ல வெக்கலாம்னு நாலுக்கு மூணுன்னு தீர்ப்பு, அப்புறம் காங்கிரஸே, அதான் அமெரிக்க நாடாளுமன்றமே, தலையிட்டு கதவ தெறந்து விட்டுச்சு.

வேற மாதிரி சண்டையும் வந்துச்சு. 2000ல பாய் ஸ்கவுட்ஸ் ஓரினச்சேர்க்கையாளர் ஒருத்தர தலைவரா வெச்சுக்க மாட்டோம்னு சொன்னது செல்லும்னு சுப்ரீம் கோர்ட் சொன்னதும், சில ஊர் யுனைட்டட் வே ஸ்கவுட்ஸுக்கு பணத்த நிறுத்திட்டாங்க, உடனே இன்னொரு பக்கத்து ஆளுங்க பிளெட்ஜ நிறுத்திட்டாங்க. எல்லார் பணமும் ஒரே பெட்டியில விழுந்தா எல்லார் கோவமும் அதே பெட்டியிலதான் விழும்.

நாலாம்நம்பர்சீட்:

அக்கா நீங்க பேனல்ல இருந்தீங்கன்னா மதிக்கறேன், ஆனா சேரவே மாட்டேன்னு நின்னவங்க கதைய விட்டுட்டீங்களே. மார்ச் ஆஃப் டைம்ஸ். போலியோவுக்காக ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1938ல ஆரம்பிச்சது, தனியாத்தான் வசூல் பண்ணுவோம்னு கடைசி வரைக்கும் அடம். அவங்க குடுத்த பணத்துலதான் சால்க் தடுப்பூசி, 1955. பெட்டிக்குள்ள இருந்திருந்தா கமிட்டியில எவனாவது போலியோவுக்கு போன வருஷம் குடுத்ததே போதும்னு சொல்லியிருப்பான்.

குருவிக்கூடு:

அது ஒரு நோய், ஒரு மருந்து, போஸ்டர்ல ஒரு குழந்தை முகம். வசூல் ஆகும் தம்பி. புருஷன் கிட்ட அடி வாங்கிட்டு ராத்திரி வெளிய வந்த பொம்பளைக்கு தங்க எடம், குடிய விடறவனுக்கு கவுன்சலிங், இதுக்கெல்லாம் எந்த போஸ்டர் ஒட்டுவீங்க? அந்த மாதிரி சங்கங்களுக்கு பொதுப்பெட்டி இல்லன்னா கரண்ட் பில்லு கட்ட முடியாது. 211க்கு போன் பண்ணா பக்கத்துல என்ன உதவி கிடைக்கும்னு சொல்றாங்களே, அதுவும் 1997ல அட்லாண்டா யுனைட்டட் வே ஆரம்பிச்சதுதான். அதுக்கு எவனும் தனியா டொனேஷன் தர மாட்டான்.

பழையபேப்பர்:

சண்டை நல்லா போகுது, நடுவுல ரெண்டு விஷயம் சொல்லிட்டு போயிடறேன்.

ஒண்ணு, டென்வர் கதைய நீங்க தேடினீங்கன்னா சில பழைய எழுத்துல 1887ல ஆரம்பிச்சவங்க லிஸ்ட்டுல வில்லியம் ஃப்ரீட்மேன்னு ஒரு ராபை, அதான் யூத மதகுரு, பேர் இருக்கும், ஜேக்கப்ஸ் அம்மா பேர் இருக்காது. அந்த ராபை டென்வருக்கு வந்ததே 1889ல! வராத ஆளு எப்படிங்க ஆரம்பிப்பாரு. ரொம்ப நாள் கழிச்சுத்தான் அந்த அம்மா பேர சேத்தாங்க. இது மாதிரி பாக்கறப்ப எனக்கு கோவம் வரும், மன்னிச்சுக்கங்க.

ரெண்டு, எல்லாரும் தாண்டிப் போன 1930கள். பொருளாதாரம் விழுந்தப்ப ஜனாதிபதி ஹூவரோட அரசாங்கம் சொன்னது, அரசு பணம் வேணாம், ஊர் ஊரா பெட்டி இருக்கு, அது பாத்துக்கும்னு. பெட்டியும் முக்கி முனகி பாத்துச்சு, 1932க்கான வசூல் 10 கோடி டாலர தாண்டிச்சு, அதுவரைக்கும் அவ்ளோ வந்ததே இல்ல. ஆனா வேலை இல்லாதவன் கோடிக்கணக்குல இருக்கறப்ப அது யானைப்பசிக்கு சோளப்பொரி. அடுத்த வருஷம் குடுக்கறவனுக்கே வேலை போச்சு. 1933ல ரூஸ்வெல்ட் வந்ததும் அவரோட நிவாரண அதிகாரி ஹாரி ஹாப்கின்ஸ் ஒரே போடா போட்டாரு, அரசு நிவாரணப் பணத்த அரசு அலுவலகம்தான் குடுக்கணும், தனியார் சங்கம் வழியா குடுக்கக் கூடாதுன்னு. அதோட பசிக்கு சோறு போடற வேலை அரசாங்கத்துக்கு போச்சு, பெட்டிக்காரங்க நர்சிங், குழந்தைகள், குடும்ப ஆலோசனைன்னு திரும்பினாங்க. 1935ல இன்னொண்ணு, கம்பெனிங்க வருமானத்துல 5 சதவீதம் வரைக்கும் தர்மத்துக்கு குடுத்தா வரி கழிவுன்னு சட்டம், ரூஸ்வெல்ட் வேணாம்னாரு, செஸ்ட்காரங்க விடாம லாபி பண்ணி வாங்கிட்டாங்க. கம்பெனிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டீங்களே தம்பி, அதுல இதுவும் ஒரு நூல்.

சிங்கைமழை:

இடையில நுழையறேன். எங்க சிங்கப்பூர்லயும் கம்யூனிட்டி செஸ்ட்டுன்னு அதே பேர்ல 1983ல இருந்து இருக்கு, அடுத்த வருஷமே ஷேர்னு மாசச் சம்பளத்துல புடிக்கற திட்டம் வந்துச்சு. வித்தியாசம் என்னன்னா வசூல் செலவ டோட் போர்டுங்கற அரசு அமைப்பு பாத்துக்குது, அதனால நாம குடுக்கற காசு முழுசா சங்கங்களுக்கே போகும்னு சொல்லுவாங்க. டோட் போர்டு காசு எங்க இருந்து வருது? லாட்டரி, 2024 வரைக்கும் உள்ளூர் குதிரைப்பந்தயமும். கெட்ட பழக்கம் ஆபீஸ் வாடகை கட்டுது :) இது போக நம்மாளுங்களுக்கு சிண்டான்னு இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் தனி, 1991ல ஆரம்பிச்சது, இந்தியர்கள் சம்பளத்துல மாசாமாசம் சிபிஎஃப் (இங்க பிஎஃப் மாதிரி) கட்டறப்பவே போயிடும். வேணாம்னா எழுதிக் குடுத்து வெளிய வரலாம். எனக்கு தெரிஞ்சு யாரும் எழுதிக் குடுத்ததில்ல, சோம்பேறித்தனமா நல்ல மனசான்னு கேக்காதீங்க.

ராத்திரிஷிப்ட்:

எல்லாருக்கும் பெரிய கும்பிடு. அக்கா சொன்னத படிச்சதுக்கு அப்புறம் ஃபார்ம மறுபடி எடுத்து பாத்தேன், ரெண்டாம் பக்கத்துல அடியில பொடி எழுத்துல குறிப்பிட்ட அமைப்புக்கு அனுப்பணும்னா பேர் எழுதுங்கன்னு ஒரு கட்டம் இருக்கு, ரெண்டு வருஷமா என் கண்ணுல படவே இல்ல. பக்கத்துல ஒரு ஃபுட் பேங்க் இருக்கு, பாதி அதுக்கு, பாதி பொதுப்பெட்டிக்குன்னு போடலாம்னு இருக்கேன். அக்கா, பாதியாச்சும் உங்க ரெண்டு ரூம் ஒரு வேன் மாதிரி ஆளுங்களுக்கு போகட்டும்.

அந்த தெர்மாமீட்டர் விஷயமா மேனேஜர் இன்னிக்கு காலைல மெயில் போட்டிருக்காரு, "டீம்ல இன்னும் ஒரே ஒருத்தர்தான் பாக்கி"ன்னு. பேர் போடல. திங்கக்கிழமை வரைக்கும் அப்படியே இருக்கட்டும்.

நாலாம்நம்பர்சீட்:

தம்பி பொழச்சுக்குவ நீ.

பழையபேப்பர்:

பையன் கூட ஆடறது பழைய செட்டா இருந்து, கம்யூனிட்டி செஸ்ட்டுல அழகுப் போட்டி ரெண்டாம் பரிசு கார்டு வந்தா 10 டாலர மறக்காம வாங்கிக்கோங்க. அதுல எவனும் உங்க கிட்ட பிளெட்ஜ் ஃபார்ம் நீட்ட மாட்டான்.